இருநிலை யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி: வன்பொருள் விவரணக் கோப்பில் உண்மையும் தீர்மானமும்

கைத்தொலைபேசி, வலையமைப்பு வழிப்படுத்தி, அளவைக் கருவி முதலியவற்றினுள் பொதிந்துள்ள சிறு கணனிகள் பலவற்றில் லினக்ஸ் பணிசெயல் முறைமை இயங்கத் தொடங்கும்போது, அதன் கையில் ஒரு கோப்பும் ஒப்படைக்கப்படுகின்றது. சுற்றுப்பலகையில் எவ்வெவ் வன்பொருள்கள் உள்ளன, எம்முகவரிகளில் உள்ளன, எவற்றுடன் இணைந்துள்ளன என்பவற்றை மரவடிவில் எடுத்துரைக்கும் இக்கோப்பினைப் பொறியியலாளர் டிவைஸ் ட்ரீ என்பர். நாம் இதனைக் கருவிமரம் எனலாம். வன்பொருளை உள்ளவாறு விவரிப்பதே கருவிமரத்தின் பணி. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் தீர்மானம் அதற்கு உரியதன்று என்பது இத்துறையினர் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கொள்கையாகும். அக்கொள்கை தளர்வுறும் ஓரிடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய கோப்பு ஏன் வேண்டப்படுகின்றது என்பது முதற்கண் நோக்கற்பாலது. யூ.எஸ்.பி. வழியாகச் செருகப்படும் சுட்டியோ விசைப்பலகையோ, வினவப்பட்டதும் தன்னை ஆக்கியோர் யார், தான் எவ்வகையினது என்பவற்றைத் தானே அறிவிக்கும். ஆயின் அச்சுட்டியை ஆளும் கட்டுப்படுத்தியோ சில்லினுள் ஒரு நினைவக முகவரியில் வாய்மூடி இருப்பது. அது அங்குள்ளதென யாரேனும் சொல்லியாக வேண்டும். ஓப்பன் பேம்வெயர் என்னும் 1994ஆம் ஆண்டு நியமத்தில் உருப்பெற்ற மரவடிவ விவரணம், பவர்பீசீ கணனிகளின் வழியாக லினக்ஸை வந்தடைந்தது. ஆம் வகைச் சில்லுகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி நிரல் எழுதிக் குவிக்கப்பட்டமையை லினஸ் ரோர்வால்ட்ஸ் 2011 மார்ச்சில் கடுமையாகக் கண்டித்த பின்னரே இம்முறை பரவலாயிற்று.

யூ.எஸ்.பி. என்பதிலுள்ள 'பஸ்', பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் தரவுப் பாதையாகும். இப்பாதையில் சமத்துவம் இல்லை. ஒரு பக்கம் வழிநடத்தும். மறுபக்கம் கேட்டால் மட்டுமே விடையளிக்கும். முன்னையது ஹோஸ்ற், பின்னையது பெரிபெரல். கணனியுடன் இணைக்கையில் விடையளிக்கும் பக்கமாகவும், நினைவகக் குச்சியைச் செருகுகையில் வழிநடத்தும் பக்கமாகவும் ஒரே கருவி அமைய வேண்டிய தேவை எழுந்தபோது, 2001இல் ஓ.ரி.ஜி. என்னும் பின்னிணைப்பு வெளியாயிற்று. செருகியில் ஐ.டி. என்னும் மேலதிக முனையொன்று சேர்க்கப்பட்டது. அது புவித்தொடுப்புப் பெற்றிருப்பின் அப்பக்கம் 5 வோல்ற்று வழங்கி வழிநடத்தத் தொடங்கும். தொடுப்பின்றி விடப்பட்டிருப்பின் விடையளிக்கும் பக்கமாகும்.

இருநிலைகளையும் ஏற்கவல்ல கட்டுப்படுத்தியைக் கருவிமரத்தில் எழுதும்போது 'டீ.ஆர். மோட்' என்னும் பண்பு சேர்க்கப்படும். அதன் பெறுமானம் ஹோஸ்ற், பெரிபெரல், ஓ.ரி.ஜி. ஆகிய மூன்றில் ஒன்று. பண்பு எழுதப்படாவிடின் ஓ.ரி.ஜி. எனக் கொள்ளவேண்டும் என்பது விதி. ஆகவே இங்கு மௌனமும் ஒரு கூற்றே.

ராஸ்பெரி பை பலகைகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2012இல் வந்த பீ மாதிரியிலும் 2015இல் வந்த சீரோவிலும் உள்ளது பீ.சீ.எம். 2835 என்னும் ஒரே சில்லு. அதனுள் உள்ளதும் ஒரே இருநிலைக் கட்டுப்படுத்தி. பீ மாதிரியில் அது பலகையிலேயே உள்ள லான் 9512 என்னும் கிளைப்படுத்தும் சில்லுடன் நிரந்தரமாக இணைக்கப்பட்டுள்ளது. எனவே அது வழிநடத்தவே முடியும். அங்கு 'ஹோஸ்ற்' என எழுதுவது செப்புத்தடம் கூறும் உண்மை. சீரோவிலோ கட்டுப்படுத்தி நேரே சிறுகுதையை அடைகின்றது, ஐ.டி. முனையும் உண்டு. 'ஓ.ரி.ஜி.' என்பதே அங்கு பொருந்தும் விவரணம். எனினும் சீரோவைக் கணனியில் செருகி வலையமைப்பு அட்டைபோல் இயக்க விரும்புவோர் பலர், மேலடுக்குக் கோப்பொன்றின் மூலம் அதே பண்பைப் 'பெரிபெரல்' என மாற்றிவிடுகின்றனர். இதனால் பலகையில் ஒரு கம்பியும் இடம்மாறவில்லை. மாறியது பயனரின் விருப்பமே. உண்மையும் விருப்பமும் ஒரே பண்பில், ஒரே சொல்லில் எழுதப்படுகின்றன. வாசிப்பவர்க்கு அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. இப்பண்பினை வகுத்தோர் இயலுமையையும் தெரிவையும் இரண்டாக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். நடைமுறை வசதி கொள்கையை வென்றுவிட்டது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. சீரோவின் தரவுக் குதையிலுள்ள 5 வோல்ற்றுக் கம்பி, மின்வழங்கற் குதையின் கம்பியுடன் நேரே இணைந்துள்ளது. 'பெரிபெரல்' என எழுதியமையால் அவ்விணைப்பு அறுவதில்லை; இரு குதைகளுக்கும் மின்வழங்கினால் இரு வழங்கிகளும் ஒன்றையொன்று சந்திக்கும். மறுதலையாக, வேறு பலகைகளில் 5 வோல்ற்றைத் திறந்து மூடும் சீராக்கியைக் கருவிமரத்திற் குறிப்பிடத் தவறின், கட்டுப்படுத்தி வழிநடத்த ஆயத்தமாகக் காத்திருக்கும். செருகப்பட்ட கருவியோ மின்னின்றிக் கிடக்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது.

2014இல் வெளியான சீ வகைச் செருகியில் ஐ.டி. முனை இல்லை. சீ.சீ. எனப்படும் முனைகளிலுள்ள தடையிகளை வேறொரு சில்லு வாசித்து, எந்நிலை வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்திக்கு அறிவிக்கின்றது. ஆதலின் கட்டுப்படுத்தியின் கணுவில் நிலைமாற்றத்தை ஏற்கும் பண்பையும், குதைக்கெனத் தனிக்கணுவையும், இரண்டையும் தொடுக்கும் முனைப்புள்ளிகளையும் எழுதவேண்டியுள்ளது. குதைக் கணுவில் தரவுநிலை வேறு, மின்நிலை வேறு எனப் பிரிக்கப்பட்டமை ஒரு முன்னேற்றமே. மின்னேற்றம் பெற்றுக்கொண்டே விசைப்பலகையை வழிநடத்தும் கைக்கணனியைப் பழைய ஒற்றைச்சொல்லால் விவரிக்கவியலாது.

இவ்விவரணம் யாரிடம் உள்ளது என்பதும் வினாவிற்குரியது. கருவிமரத்தின் மூலவடிவம் எவரும் வாசிக்கத்தக்க எழுத்து. கருவியினுள் வைக்கப்படுவது தொகுப்பான் ஆக்கிய துவித வடிவம். உற்பத்தியாளர் கைவிட்ட தொலைபேசியொன்றிற் புதிய மென்பொருளை இயக்க முனைவோர், அத்துவிதக் கோப்பை அதே தொகுப்பானால் மீண்டும் எழுத்தாக்கலாம். கணுக்கள் திரும்பிவரும், பண்புகளும் பெறுமானங்களும் திரும்பிவரும். மூலத்தில் எழுதப்பட்டிருந்த குறிப்புரைகளோ திரும்பி வாரா. 'பெரிபெரல்' என்ற சொல் அங்கே இருக்கும். பலகையில் 5 வோல்ற்று வழங்கும் சுற்று இல்லாமையால் அவ்வாறு எழுதப்பட்டதா, அன்றி விற்பனைப் பிரிவினர் அவ்வசதி வேண்டாமெனத் தீர்மானித்தமையால் எழுதப்பட்டதா என அறிய, பலகையைத் திறந்து செப்புத்தடங்களைப் பின்தொடர்ந்து செல்லவேண்டியதுதான்.