உங்களுக்குத் தெரியுமா? ஊர் சுருங்கியது, அடுப்பு அணையவில்லை!

2010 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை வெறும் 56. ஆனால், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே தொடர்ந்து சாப்பாடு பரிமாறிவரும் மிகப் பழைய உணவகம் என்று பெயரெடுத்த சத்திரம் அங்கேதான் இருக்கிறது! ஊர்: அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஆரோ ராக். சத்திரம்: ஜே. ஹஸ்டன் டேவர்ன்.

● சத்திரமாகக் கட்டப்பட்டதே அல்ல. 1834 வாக்கில் ஜோசப் ஹஸ்டன் தன் குடும்பத்துக்காகக் கட்டிய நாலு அறை, இரண்டு மாடிச் செங்கல் வீடு அது. வழிப்போக்கர்கள் சாப்பாடும் படுக்க இடமும் தேடி வந்துகொண்டே இருக்க, வீடே விடுதியாகிவிட்டது.

● கூட்டத்துக்குக் காரணம், சாண்டா ஃபே வணிகப் பாதை. மேற்கே போகும் வண்டிகள் இங்கே படகில் மிசௌரி ஆற்றைக் கடந்தன. ஊர் ஊற்றில்தான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள்.

● பிற்பாடு ஹஸ்டன் பக்கத்திலேயே ஒரு மளிகைக் கடை சேர்த்தார். கீழே வியாபாரம், மாடியில் நடனக் கூடம்!

● படகோட்டிகளின் வாழ்க்கையை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ஜார்ஜ் காலெப் பிங்காம் இதே ஊரில் வீடு கட்டிக் குடியிருந்தவர்.

● பிறகு ஆறு தடம் மாறி ஊரைவிட்டு விலகிப் போய்விட்டது; ஊரும் சுருங்கியது. ஆனால் சத்திரம் நிலைத்தது. சத்திரத்தை 1923-இல் மாநில அரசே விலைக்கு வாங்கியது. 1963-இல் ஊரே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.