பின்னால் வரும் வீட்டின் பிரேக்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரிலிருந்து மேற்கு நோக்கி ராக்கி மலைகளின் மீது ஏறிச் செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலை, கடல் மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, மறுபுறம் வெளிப்பட்டதும், ஏறக்குறைய 8 மைல் தூரம் இடைவிடாமல் இறங்குகிறது. 100 அடி முன்னே சென்றால் 7 அடி கீழே போய்விடும் அளவுக்கு அங்கே சரிவு உண்டு. பிரேக் செயலிழந்த லாரிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்றே சாலையோரத்தில் மேட்டுப் பாதைகளை அமைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறை வந்துவிட்டால், இந்தச் சரிவில் லாரிகளுக்கு நடுவே, கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை சகிதமாக ஒரு சிறு வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றிப் பின்னால் இழுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் உல்லாசப் பிரயாணம் போவதைக் காணலாம்.

டென்வரில் வேலை பார்க்கும் என் தமக்கை மகனும் அப்படியொரு டிரெய்லர் வைத்திருக்கிறான். 25 அடி நீளம். இரண்டு அச்சு, நான்கு சக்கரம். சாமான்களும் தண்ணீரும் ஏற்றினால் 3,000 கிலோ. அதை இழுக்கும் பிக்கப் வண்டியோ 2,500 கிலோதான். சென்ற கோடையில் நான் அங்கே போயிருந்தபோது, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டிரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டான். டாஷ்போர்டுக்குக் கீழே டிரெய்லர் பிரேக்குக்கென்று தனியாக ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்பதை 10 வரையுள்ள எண்ணாக அது காட்டும். அந்த எண்ணை அவன் மாதாமாதம் கூட்டிக்கொண்டே வந்து, அப்போது 9இல் வைத்திருந்தான். அந்த எண்ணைத்தான் எல்லாருக்கும் முதலில் திருகிப் பார்க்கத் தோன்றும். ஆனால் பிரேக்கைச் சீரமைக்கும் காரியத்தில் கடைசியாகத் தொடவேண்டியது அதுதான் என்பதை அந்த வாரம் முழுவதும் அவனோடு மண்டியிட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

இறக்கத்தில் பாரவண்டி மாட்டின் கழுத்தை நெருக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அபாயத்தை விளக்க வேண்டியதில்லை. டிரெய்லர் தன் பாரத்தைத் தானே நிறுத்திக்கொள்ளாவிட்டால், 2,500 கிலோவுக்கென்று செய்த பிரேக் 5,500 கிலோவை நிறுத்த நேர்கிறது. வேகம் இரட்டித்தால் அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. வளைவில் இது நேர்ந்தால், பின்பாரம் முன்வண்டியைக் குறுக்கே திருப்பியும் விடும். ஆகவேதான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 ராத்தலுக்கு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு, மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; கலிபோர்னியாவில் இப்படித் தங்கும் வசதியுள்ள டிரெய்லர்களுக்கு 1,500 ராத்தலிலேயே அந்த நிபந்தனை தொடங்கிவிடுகிறது.

மருமகன் ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, டிரம்மையும் உருவி எடுத்தான். உள்ளே அரைவட்ட வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள். அவற்றுக்குக் கீழே, ஒரு நெம்புகோலின் நுனியில், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு மின்காந்தம்.

"மாமா, இதைத் தொட்டுப் பாருங்கள். இத்தனை பாரத்தையும் நிறுத்துவதற்கு ஆரம்பம் இதுதான்" என்றான்.

மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் காந்தம், சுழலும் டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. டிரம் அதைத் தன்னோடு சிறிது தூரம் இழுத்துச் செல்கிறது. அந்த இழுப்பில் நெம்புகோல் அசைந்து ஷூக்களை விரித்து டிரம்மின் மேல் அழுத்துகிறது. காந்தத்தின் வேலை இவ்வளவுதான்; சக்கரத்தின் சுழற்சியே சக்கரத்தை நிறுத்துவதற்கு வேண்டிய பலத்தையும் தந்துவிடுகிறது. இந்த யுக்தியை நினைத்து நான் உண்மையாகவே வியந்துபோனேன். ஆனால் ஷூவின் மேலிருந்த லைனிங்கை விரலால் தடவியபோது விரல் வழுக்கிற்று. முந்தைய ஆண்டு ஒரு பட்டறையில் பேரிங்குக்கு கிரீஸ் அடித்தவர்கள் அளவுக்கு மீறி அடித்திருக்கிறார்கள். மிகுதி கிரீஸ், சீலைத் தாண்டி உள்ளே வந்து லைனிங்கில் ஊறிவிட்டது. ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எண்ணை 9 ஆக்கினால் என்ன, 10 ஆக்கினால் என்ன, எண்ணெய்ப் பசையைப் பற்றிக்கொண்டு எந்தச் சக்கரம் நிற்கும்?

புது ஷூக்களைப் பொருத்தியபின், டிரம்முக்கும் ஷூவுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பின்தகட்டின் அடிப்பக்கத்தில் உள்ள துவாரத்தின் வழியாகக் கருவியை நுழைத்து, உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, அது சுற்ற மறுக்கும் வரையில் இறுக்கி, பிறகு தாராளமாகச் சுற்றும்போது லைனிங் லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் வரையில் தளர்த்த வேண்டும். நான்கு சக்கரங்களிலும் அந்த உரசல் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பதற்காக, மருமகன் காதைச் சக்கரத்தின் அருகே வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருப்பினான். தானே சரிசெய்துகொள்ளும் பிரேக்குகள் இப்போது வந்துவிட்டன. அவனுடையது அந்த ரகம் அல்ல. கையால் சரிசெய்யும் பிரேக்கை முதல் 200 மைலில் ஒருமுறையும், பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறையும் இவ்வாறு சரிபார்த்துவிட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். ஒவ்வொரு காந்தத்துக்கும் ஏறக்குறைய 3 ஆம்பியர் வேண்டும்; நான்குக்கும் 12. வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முனைப் பிளக்கில், பிரேக்குக்குரிய நீல வயரில் மீட்டரை இணைத்துப் பார்த்தபோது, 8தான் காட்டிற்று. காரணம் தேடிப் பார்த்தால், எர்த் வயரைச் சட்டத்தோடு பிணைத்திருந்த திருகாணி துருவேறிப் போயிருந்தது. மின்சாரம் போவதற்கு வழி இருப்பதுபோல் திரும்புவதற்கும் நல்ல வழி இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவியையே பழுதென்று எண்ணி மாற்றுகிறவர்கள் உண்டு. துருவைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பிணைத்ததும் மீட்டரின் முள் 12ஐ ஒட்டி வந்து நின்றது.

புது லைனிங் டிரம்மோடு பழகவேண்டும். 40 மைல் வேகத்திலிருந்து 20 மைலுக்குக் குறையும்படி, சூடு ஆறுவதற்கு இடைவெளி விட்டு, இருபது முப்பது முறை பிரேக் பிடித்தோம். அதற்குப் பிறகுதான் அந்த எண்ணுக்கு முறை வந்தது. சாமான் ஏற்றிய டிரெய்லரோடு, ஈரமில்லாத சமமான ஒரு காலிச் சாலையில் 25 மைல் வேகத்தில் சென்று, கால் பிரேக்கைத் தொடாமல், கருவியில் உள்ள கைப்பிடியை மட்டும் முழுவதும் தள்ளினான். நான் சாலையோரத்தில் நின்று டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் 7இல், சக்கரம் சுழலாமல் தேய்ந்து புகை கிளம்பிற்று. அப்படிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் கெடுவதோடு, பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்து நிற்கும் பலமும் போய்விடும். 6இல் புகையில்லை, உறுதியான இழுப்பு இருந்தது. பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னே நிற்கும் அந்த எண்ணே சரியான எண். பாரம் மாறினாலும், மழை பெய்தாலும், அதை மறுபடி சோதிக்க வேண்டும்.

வண்டி எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறதோ அதற்கு இசைந்தபடி மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உண்டு. கால் பட்ட கணத்திலிருந்து ஒரே கணக்காக ஏற்றிக்கொண்டு போகும் கருவிகளும் உண்டு. முதல் வகைக்குச் சிறிது அதிக விலை கொடுப்பதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம். எந்த வகையானாலும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது ஓட்டுகிறவரின் கைக்குப் பார்க்காமலே தெரிய வேண்டும். காற்றிலோ லாரி கடக்கும்போதோ டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கினால், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அந்தக் கைப்பிடியால் டிரெய்லரை மட்டும் மெல்லப் பிடித்தால், அது பின்னுக்கு இழுபட்டு நேர்ப்பட்டுவிடும்; பதறிக் கால் பிரேக்கை மிதித்தால் நெளிவு அதிகமாகும்.

இன்னொரு சாதனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிரெய்லரின் முன்பக்கத்தில் ஓர் ஊசி செருகிய சிறு பெட்டியும், அந்த ஊசியிலிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகும் மெல்லிய கம்பிவடமும் இருக்கும். கொக்கி கழன்று டிரெய்லர் தனியே பிரிந்துவிட்டால், வடம் ஊசியைப் பிடுங்கும். உடனே டிரெய்லரிலேயே உள்ள 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து, எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் பிடித்துக்கொள்ளும். குறைந்தது 15 நிமிஷமாவது அது பிடித்து நிற்க வேண்டும். பாட்டரி செத்துக் கிடந்தால் இந்தச் சாதனம் வெறும் அலங்காரம்தான். வடத்தை, வண்டியையும் டிரெய்லரையும் பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியில் சுற்றி வைப்பவர்களையும் பார்த்தேன். வண்டியின் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும்.

மறுவாரம் ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டி இறங்கினோம். மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டு, எஞ்சினின் இழுப்பிலேயே பெரும்பாலும் இறங்கினான். பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட்டான். அடிவாரத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நான்கிலும் ஒரே வெதுவெதுப்பு.

அந்த நாட்டில் விடுமுறைக்கு டிரெய்லரை வாடகைக்கு எடுக்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்குமுன், ஏழு முனைப் பிளக்கைக் கழற்றிவிட்டு, உரிமையாளரையே அந்த ஊசியைப் பிடுங்கச் சொல்லி, வண்டியால் டிரெய்லரை ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். சக்கரங்கள் உருண்டால், அந்த டிரெய்லரை எடுக்காதீர்கள்.