கல்யாண வேலை - 14: மேசை நடுவே என்ன பூ?

சென்ற வாரம் மேடை அலங்காரத்தோடு நிறுத்தியிருந்தோம். மேடைக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் வீடுகளில்கூட, ரிசப்ஷன் ஹாலின் வட்ட மேசைகளுக்கு என்ன பூ என்பதை டெக்கரேட்டரின் ஆல்பத்தில் விரல் வைத்து ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வந்தவர்கள் மேடையில் நிற்பது ஒரு போட்டோ எடுக்கும் நேரம்தான். மேசையில்தான் உட்கார்ந்து பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள்.

அந்த ஆல்பத்தில் இருப்பவை பெரும்பாலும் கொய்மலர்கள்: ஓசூர் ரோஜா, ஜெர்பரா, நீலகிரி கார்னேஷன், லில்லியம், தாய்லாந்து ஆர்க்கிட். நீளக் காம்போடு வெட்டி, கட்டுக் கணக்கில் விற்பவை. தோவாளையிலும் நிலக்கோட்டையிலும் கோயம்பேட்டிலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதோ உதிரிப்பூ. மல்லி, சம்பங்கி, சாமந்தி எல்லாம் கிலோ கணக்கு. ஜாடியில் நிற்காது என்பதால் மேசைக்கு ஆகாது என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். ஏன் நிற்க வேண்டும்? மிதக்கட்டுமே.

வாசலில் வைக்கிற உருளியில் சின்ன அளவாகப் பார்த்து மேசைக்குக் கொண்டுவாருங்கள். முக்கால் பாகம் தண்ணீர். காம்பை ஒட்ட நறுக்கிய மஞ்சள் சாமந்தி ஓரத்தில், வெள்ளைச் சாமந்தி அதற்கு உள்ளே, நடுவில் ஒற்றைத் தாமரை. தாமரை சாயங்காலமானால் கூம்பிவிடுமே என்பார்கள். மொட்டாகவே வாங்கி, வெளியிதழின் நுனியை உள்பக்கமாக மடித்து அடியில் செருகுங்கள். பிறகு அடுத்த அடுக்கு. நாலைந்து அடுக்கு மடித்ததும் நடுவிலிருக்கும் மஞ்சள் பொகுட்டு எட்டிப் பார்க்கும். பழகிய கைக்கு ஒரு பூவுக்குச் சில நிமிடங்கள் போதும். உருளியை மேசையில் வைத்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்; நிரப்பித் தூக்கி வந்தால் மேசை விரிப்பு நனைந்துவிடும்.

இதில் உயரப் பிரச்சினையே கிடையாது. மேசையில் முழங்கையை ஊன்றிக் கையை நிமிர்த்திப் பாருங்கள். எந்த அலங்காரமும் உங்கள் கை உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், எதிரே இருக்கும் சித்தப்பா முகம் தெரியாமல் பூவோடுதான் பேச வேண்டியிருக்கும்.

மல்லியை மேசையில் வைக்காதீர்கள். விடியலில் பறித்த மொட்டு, சரியாக ரிசப்ஷன் நேரத்தில்தான் விரியும். அந்த வாசம் தலையிலும் வாசலிலும் இருக்கட்டும். ரசத்தின் மணத்தோடு அது மோத வேண்டாம். அரளியும் கூடவே கூடாது, அது நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. லில்லியம்தான் வேண்டும் என்றால், விரிந்ததுமே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். பட்டுப்புடவையில் அந்தத் தூள் பட்டால் கறை போகாது. பட்டுவிட்டால் தேய்க்காமல், தண்ணீர் வைக்காமல், செலோடேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கொய்மலரைச் செருகி வைக்கும் பச்சை ஸ்பாஞ்சு பற்றியும் சொல்லியாக வேண்டும். 1954-ல் அமெரிக்காவில் ஸ்மிதர்ஸ் என்பவர் கொண்டுவந்த ‘ஒயாசிஸ்’ அது. பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பிளாஸ்டிக். ஒருமுறைதான் பயன்படும்; அப்புறம் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலும் சாக்கடையிலும் கலக்கும். லண்டனின் புகழ்பெற்ற செல்சீ மலர்க் காட்சியில் 2021 முதல் அதற்கு அனுமதி இல்லை. அது வருவதற்கு முன்பே கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்ற ஆங்கிலேய மலர்க் கலைஞர், கோழிவலையைக் கசக்கிப் பாத்திரத்துக்குள் வைத்துப் பூச்செருகினார். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளிலும் கோழிவலை கிடைக்கிறது. கழுவி மறுபடி பயன்படுத்தலாம்.

கடைசியாக விலை. முகூர்த்த நாளில் பூ விலை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பூவின் பெயரைச் சொல்லி அட்வான்ஸ் கொடுக்காமல் நிறத்தைச் சொல்லிக் கொடுங்கள். மங்கலான ஹாலில் அடர்சிவப்பு கறுப்பாகத் தெரியும். மஞ்சளும் வெள்ளையும் எந்த விளக்கிலும் எடுப்பாக இருக்கும். அன்று காலை சாமந்தி விலை ஏறியிருந்தால் சம்பங்கியோ செண்டுமல்லியோ எது வரத்து அதிகமோ அதைப் பூக்காரரே எடுத்துக்கொள்ளட்டும்.

(தொடரும்)