பாம்புக்கு எந்தப் படுக்கை?

காக்களூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் ஏரி. மறு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. இயந்திரங்களை வெளியூருக்கு அனுப்புவதற்கான மரப்பெட்டிகளைச் செய்யும் பட்டறை ஒன்றில் என் தந்தையார் தச்சு வேலை பார்க்கிறார். அங்கே மரத்தை இழைக்கும்போது விழும் சுருளுக்கு விலை கிடையாது. கேட்டவர்கள் சாக்கில் அள்ளிப் போகலாம். அப்படி நான் அள்ளிப்போன ஒரு சாக்குச் சுருள்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

என் வகுப்புத் தோழனின் அத்தை மகன் சென்னையில் ஒரு பாம்பு வளர்க்கிறார். நம் காடு கழனிகளில் வாழும் பாம்பைப் பிடித்து வீட்டில் அடைத்து வைக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை என்பதை விலங்கியல் மாணவர்கள் அறிவர். அவரிடம் இருப்பது 'கார்ன் ஸ்நேக்' எனப்படும் அமெரிக்கச் சோளப் பாம்பு, நஞ்சில்லாதது. (வெளிநாட்டுப் பாம்பு என்றாலே தடையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 'சைட்டிஸ்' ஒப்பந்தப் பட்டியலில் உள்ள மலைப்பாம்பு வகைகள் போன்றவற்றை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தாக வேண்டும்.) அவர் தம் கண்ணாடித் தொட்டியில் எதைப் பரப்பலாம் என்று கேட்டபோது, "விலங்கியல் படிக்கிறவன் இருக்கிறானே!" என்று தோழன் என்னைக் கைகாட்டிவிட்டான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆங்கில நூல் படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் அதைத் தாண்டிப் போய்விடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. நூலில் 'ஆஸ்பென்' மரச்சுருள் ஏற்றது என்று இருந்தது. ஆஸ்பென் என்பது ஏதோ ஊரின் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டு, மரச்சுருள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அதுதான் நம் வீட்டுப் பொருளாயிற்றே! மின்சார ரயிலில் ஒரு சாக்கைச் சுமந்துபோய்க் கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மூன்று வாரத்தில் பாம்பு வாயைத் திறந்தபடி மூச்சுவிடத் தொடங்கியது. மூக்கருகே குமிழி, மூச்சில் ஒரு கீச்சொலி, எலிக்குஞ்சைத் தொடவில்லை. கால்நடை மருத்துவர் முதலில் செய்யச் சொன்னது அந்தச் சுருள் முழுவதையும் அப்புறப்படுத்துவதைத்தான். அன்றிரவு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என் தந்தையார், "என்னா மரத்துச் சுருள்னு அந்த புஸ்தகத்துல போடலியா? இது பைன் மரம்டா. அந்த வாசனை எங்களுக்கே மூக்க அடைக்கும்" என்றார்.

அவர் சொன்னதற்கு விளக்கம் இதுதான். பைன் மரத்தில் பிசினும், எளிதில் ஆவியாகும் எண்ணெய்களும் உண்டு. செடார் மரத்தில் அந்த மணம் இன்னும் காரமானது. பூச்சி அரிக்காமலிருக்கத் துணிப்பெட்டிக்கு உகந்த அந்தக் குணமே மூடிய தொட்டியில் கெடுதலாகிறது. சோளப் பாம்பு போன்ற பாம்புகளில் வலது நுரையீரல்தான் முழுமையாக வேலை செய்கிறது; இடது வெறும் எச்சம். நம்மைப் போல உதரவிதானமும் இல்லாததால் சளியை இருமித் தள்ளப் பாம்பால் இயலுவதில்லை. பாம்பின் நோய்க்கு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆயினும் அதன் மூக்கு இருபத்து நான்கு மணி நேரமும் அந்தச் சுருளுக்குள் புதைந்திருந்ததே! ஆஸ்பென் மரத்தில் இந்தப் பிசின் தொல்லை இல்லை. அதன் சுருளில் பாம்பு வளை தோண்டினால் வளை சரியாமலும் நிற்கும். நூலாசிரியர் மரத்தின் பெயரைக் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார்.

படுக்கை என்று நாம் சொன்னாலும், பாம்புக்கு அது மெத்தையன்று. அதுதான் அதன் தட்பவெப்பம். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. தலை முதல் வால் வரை தரையில் பதிந்து, தரை தருவதைப் பெற்றுக்கொள்கிறது. தரை வறண்டால் சட்டை முழுதாகக் கழலாது. கண்ணை மூடிய சவ்வுகூட ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தரை எந்நேரமும் நனைந்திருந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கண்டு புண்ணாகும். பாம்பு சிறுநீராகக் கழிப்பது பெரும்பாலும் யூரிக் அமிலம்; வெண்மையான கட்டியாக விழும். ஆகவே எலிக்கும் முயலுக்கும் வேண்டியதைப் போல உறிஞ்சும் படுக்கை அதற்கு அவ்வளவு தேவையில்லை. கட்டியை அள்ளி எறிய வசதியாக இருந்தால் போதும்.

இந்தச் சிந்தனையோடு இருந்த நாளில்தான் எங்கள் துறை மாணவர்களை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலிக்கு அழைத்துச் சென்றார்கள். முதலைப் பண்ணை வளாகத்திற்குள் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பிழந்து நின்ற இருளர் மக்கள் பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து வாழ வழி கண்ட இடம் அது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலம் தந்தவர்கள் இவர்களே. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகைப் பாம்புகளை அரசின் அனுமதியோடு பிடித்து வருகிறார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். எதில் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மண்பானையில்! உள்ளே மணல், வாயில் பருத்தித் துணி கட்டியிருக்கும். கண்ணாடித் தொட்டியும் வெப்பமானியும் எதிர்பார்த்துப் போன நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

யோசித்தால் அதில் எல்லாம் இருக்கிறது. பானைக்குள் இருட்டு, ஒளிந்து வாழும் பிராணிக்கு அதுவே பாதி அமைதி. துணி வழியே காற்று போய்வரும். மணலில் சிறிது ஈரம் இருந்தால் பானைச் சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகும். ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தண்ணீர்ப்பானை செய்யும் வேலைதான். மணலில் பிசின் இல்லை, மணம் இல்லை. கழிவை அள்ளுவதும் எளிது. ஆனால் மூன்று வாரம் தங்கிப் போகிறவனுக்கு உள்ள ஏற்பாட்டை ஆயுள் முழுவதும் இருப்பவனுக்கு அப்படியே செய்துவிட முடியாது. மணலுக்கும் குறை உண்டு. இரையோடு ஒட்டி வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சென்னை வீட்டுச் சோளப் பாம்புக்கு எது? வெளிநாட்டு நூல்கள் பலவும் தென்னை நார்த்தூளைப் புகழ்கின்றன. நம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கப்பலேறுகிற பொருள்தான் அது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி, அதனால் உள்ளே காற்று வறண்டுபோகும் நாடுகளுக்கு அது வரம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் சென்னையில் தொட்டி முழுவதும் நார்த்தூளைப் பரப்பினால் பூஞ்சை பிடிக்கும். நூலில் உள்ள பொருளை எடுத்துக்கொள்ளும் நாம், நூல் எழுதப்பட்ட ஊரின் காற்றை எடுத்துவர முடியாதல்லவா? என் முதல் தவறு மரத்தின் பெயரைத் தாண்டிப் போனது. ஊரைப் பாராமல் இருந்திருந்தால் இரண்டாவது தவறும் செய்திருப்பேன்.

கடைசியில் செய்தது இது. தரைக்குப் பழைய செய்தித்தாள். அழகில்லைதான், ஆனால் நோயுற்ற பாம்புக்கு அதைவிட நல்லது இல்லை. கழிவும், கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகளாக ஊரும் உண்ணிகளும் உடனே கண்ணில் படும். தினமும் மாற்றலாம். ஒளிந்துகொள்ள ஒரு மூலையில் சிறு மண்கலயத்தைப் படுக்கவைத்து, அதனுள் மட்டும் பிழிந்தெடுத்த நார்த்தூள் ஒரு பிடி. ஈரம் வேண்டும்போது பாம்பு உள்ளே போகும். வேண்டாதபோது வெளியே வந்து காகிதத்தில் கிடக்கும். எவ்வளவு ஈரம் என்பதை நாம் ஏன் தீர்மானிக்க வேண்டும்?

மருந்து ஒரு மாதம் நடந்தது. பொங்கலுக்குப் பிறகு கலயத்துக்குள் சட்டை கழற்றியது, கண் மூடி உட்பட ஒரே துண்டாக. அதை வாங்கி வந்து அப்பாவிடம் காட்டினேன். விரித்துப் பார்த்துவிட்டு, "இப்ப மூச்சு நல்லா விடுதா?" என்றார். விடுகிறது என்றேன். அவருக்கு நான் வாங்கித் தந்த மூக்கு மறைப்பு பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. போட்டால் மூச்சு முட்டுகிறதாம். துண்டைத்தான் கட்டிக்கொள்கிறார்.