காது கேட்கட்டும்: பிறப்பு முதல் முதுமை வரை செவித்திறன் காப்போம்



தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கும்படி வீட்டில் உள்ளவர்கள் அடிக்கடி சொல்கிறார்களா? தொலைபேசியில் பேரப்பிள்ளையின் குரல் கேட்டும், பேசுவது விளங்கவில்லையா? "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வயது ஒரு காரணம் மட்டுமே. மற்ற காரணங்களில் பலவற்றைத் தடுக்கலாம். எஞ்சியிருக்கும் செவித்திறனையும் காப்பாற்றலாம்.

காது எப்படிப் பாதிக்கப்படுகிறது?

உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதில் இருக்கும் சுமார் 15,000 நுண்ணிய முடி உயிரணுக்கள்தான் ஒலியை மூளைக்குக் கொண்டு சேர்க்க உதவுகின்றன. பலத்த இரைச்சல் இவற்றைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. தோலில் பட்ட காயம் ஆறுவது போல் இவை மீண்டும் வளர்வதில்லை. வலியும் இருக்காது. அதனால்தான் பாதிப்பு தெரியவே பல ஆண்டுகள் ஆகின்றன. பறவைகளின் ஒலி, குழந்தைகளின் பேச்சு போன்ற மெல்லிய, உயர்ந்த ஒலிகள் முதலில் மறையும்.

நீங்கள் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள்

ஜுரு, பிறை, புக்கிட் மின்யாக் தொழிற்சாலைகளிலோ, செம்பனை ஆலையிலோ, புல்வெட்டும் இயந்திரத்துடனோ பல ஆண்டுகள் உழைத்தவரா நீங்கள்? மலேசியாவில் தொழிற்சாலை இரைச்சலுக்கென்று தனி விதிமுறை 1989-ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திற்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கப்பட்டது. 2019 ஜூன் 1 முதல் இந்த அளவு 85 டெசிபலாகக் குறைக்கப்பட்டுள்ளது. 88 டெசிபலில் 4 மணி நேரம், 91 டெசிபலில் 2 மணி நேரம் இருந்தாலும் காதுக்கு அதே சுமைதான்.

அளக்கும் கருவி இல்லையா? கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தின் இரைச்சல் காதுக்கு ஆபத்தானது என்று கொள்ளுங்கள்.

வேலை இரைச்சலால் செவித்திறன் குறைந்தது என்று மருத்துவர் கூறினால், சொக்சோ அலுவலகத்தில் இழப்பீடு பற்றி விசாரியுங்கள்.

ஒவ்வொரு வயதிலும் செய்ய வேண்டியவை

குழந்தைகளுக்கு: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றும் செவித்திறனைக் கெடுக்கக் கூடியவை. இவற்றுக்கான தடுப்பூசியைப் பேரப்பிள்ளைகளுக்கு 9-ஆம் மாதத்திலும் 12-ஆம் மாதத்திலும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். காதில் சீழ் வடிந்தால் கைவைத்தியம் பார்க்காமல் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.

இளையோருக்கும் வேலை செய்வோருக்கும்: காதணி ஒலிக்கருவியின் சத்தத்தை 60 விழுக்காட்டிற்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலையிடத்தில் காதுக்கவசம் அணிய வற்புறுத்துங்கள். உங்கள் சொந்த அனுபவத்தைச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

மூத்தோருக்கு:
• தீபாவளி, சீனப் புத்தாண்டு பட்டாசிலிருந்து தள்ளி நில்லுங்கள். திருவிழாவில் ஒலிபெருக்கிக்கும் உறுமி மேளத்திற்கும் அருகில் உட்காராதீர்கள்.
• பஞ்சுக் குச்சி, கொண்டை ஊசி, கோழி இறகு எதையும் காதுக்குள் விடாதீர்கள். குறும்பி இன்னும் உள்ளே தள்ளப்படும்; செவிப்பறையும் கிழியலாம்.
• காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள்.
• இனிப்புநீர் நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுக்குள் வையுங்கள். புகைப்பதை நிறுத்துங்கள். இவை உட்காதின் இரத்த ஓட்டத்தைப் பாதிக்கும்.
• சில மருந்துகள் காதைப் பாதிக்கலாம். மருந்து தொடங்கிய பின் காதில் ரீங்காரம் கேட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறி

ஒரு காதோ இரு காதுகளுமோ திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனால் அது அவசர நிலை. "சளியாக இருக்கும்" என்று ஒரு வாரம் பொறுக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விரைவில் சிகிச்சை தொடங்கினால் செவித்திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

கருவி அணிய வெட்கம் வேண்டாம்

கண்ணுக்குக் கண்ணாடி போல்தான் காதுக்குக் கருவி. காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். கோயிலுக்கும் கல்யாணத்திற்கும் போவதை நிறுத்துகிறார். கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு, மறதி நோய்க்கான ஆபத்தையும் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புதிய கருவிக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். முதல் நாளே கழற்றி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: பின்னாலிருந்து கத்தாதீர்கள். எதிரில் வந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

இன்றே செய்யக் கூடியது

அடுத்த முறை மாத்திரை எடுக்க அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லும்போது, "என் காதையும் பாருங்கள்" என்று கேளுங்கள். பல நேரங்களில் குறும்பியை எடுத்தாலே தெளிவாகக் கேட்கும். தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பிவைப்பார்கள். ஆண்டுதோறும் மார்ச் 3-ஆம் நாள் உலகச் செவித்திறன் நாள். அதுவரை காத்திருக்க வேண்டாம்.