குருதி சொல்லும் நோய் வரலாறு

10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸி, பெரியம்மையும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள் என்பதைத் தம் தனிநூலொன்றில் பிரித்துக் காட்டினார். அரபியில் ஜுதரீ, ஹஸ்பா எனப்படும் இவ்விரண்டையும் உடலில் வெளிப்படும் அறிகுறிகளைக் கொண்டே அவர் இனங்கண்டார். நோய் நீங்கியபின் குருதியில் எஞ்சும் சுவடு அக்காலத்தில் எவர் பார்வைக்கும் எட்டாதது.

அச்சுவடே ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதம். கிருமி அழிந்த பிறகும் அது பல்லாண்டுகள் குருதியில் நிலைக்கக்கூடும். அதனைக் கண்டறிய ஆய்வகங்களில் இன்றும் பெருவழக்காக உள்ளது, 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட எலைசா முறை. சிறு குழியில் கிருமியின் புரதத்தைப் பூசி, அதில் குருதிநீரை இட்டுக் கழுவினால் உரிய எதிர்ப்புப் புரதம் ஒட்டி நிற்கும். நொதி பிணைத்த மற்றொரு புரதத்தைச் சேர்த்து, நிறமாற்றத்தால் அதனை அறிவர். ஆனால் எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

2015இல் ஹார்வர்டின் ஸ்டீபன் எலெட்ஜ் குழுவினர் வெளியிட்ட விர்ஸ்கேன் முறை இத்தடையைப் பெரிதும் நீக்கியது. மனிதரைத் தாக்கும் 206 வகை வைரஸ்களின் புரதத் துண்டுகளை, பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும் ஃபேஜ்களின் மேல் தாங்கச் செய்தனர். ஒவ்வொரு ஃபேஜும் தான் தாங்கும் துண்டுக்குரிய டிஎன்ஏவைத் தன்னுள் கொண்டிருக்கும். ஒரு துளிக்கும் குறைவான குருதியை இவற்றோடு கலந்தால், எதிர்ப்புப் புரதங்கள் தத்தமக்குரிய ஃபேஜைப் பற்றிக்கொள்ளும். பற்றப்பட்டவற்றைப் பிரித்து டிஎன்ஏவைப் படித்தால், அம்மனிதர் எதிர்கொண்ட வைரஸ்களின் பட்டியல் கிட்டும். குறையில்லாத முறை என்று சொல்வதற்கில்லை. முழுப் புரதத்தின் மடிந்த வடிவத்தை மட்டுமே அறியும் எதிர்ப்புப் புரதங்கள் இத்துண்டுகளில் அகப்படா.

இம்முறையால் 2019இல் வெளிப்பட்ட உண்மை நம்மைத் திடுக்கிடச் செய்தது. சமயக் காரணத்தால் தடுப்பூசியை மறுத்துவந்த நெதர்லாந்துக் கிறித்தவச் சமூகமொன்றின் 77 குழந்தைகளது குருதியை, தட்டம்மை வருமுன்னும் வந்த பின்னும் சோதித்தனர். பிற நோய்களுக்கு எதிராக அவர்கள் அதுவரை ஈட்டியிருந்த எதிர்ப்புப் புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை மறைந்திருந்தன. தட்டம்மை வைரஸ் நோயெதிர்ப்பின் நினைவணுக்களையே தாக்குவதால் நேரும் இழப்பு இது. தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் இவ்விழப்பு காணப்படவில்லை.

2017இல் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது கைபேசி வழியே வதந்திகள் பரவின. தட்டம்மை சில நாளில் தானே போய்விடும் நோய்தானே என்று நம்மிடம் வாதிட்ட பெற்றோரும் உண்டு. அன்று இவ்வாய்வு வெளிவந்திருக்கவில்லை.