மரத்திலேயே சிவக்க வேண்டும்

ஜூன் பிறந்தால் எங்கள் ஹெந்தளைத் தெருவோரங்களில் மல்வானை ரம்புட்டான் குவியும். நான் அதற்காகவே காத்திருப்பவள். ரம்புட்டான் பறித்த பிறகு பழுக்காது. மரத்திலேயே சிவக்க வேண்டும். பறித்த சில நாளில் தோல் கறுத்துவிடும். ஆகவே பருவத்தில், பக்கத்து ஊரிலிருந்து வந்ததுதான் ருசி. களுத்துறை மங்குஸ்தானும் அப்போதுதான் மலியும்.

மாம்பழம் வேறு. முற்றிய காய், பறித்த பின்னும் தன்னுள் சுரக்கும் எத்திலீன் வாயுவால் பழுக்கும். பருவத்துக்கு முந்தி விற்க நினைப்பவர்கள் முற்றாத காயைப் பறித்துக் கார்பைட் கல் வைக்கிறார்கள். தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு மாறாது. அந்தக் கல்லில் ஆர்சனிக் கலந்திருக்கலாம் என்பதால் அப்படிப் பழுக்கவைத்ததைப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதே இல்லை. யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும்வரை பொறுத்திருப்போம். அதுவரை பிஞ்சுப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் கறி வைத்தால், இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார்கள்.